முட்டை ஓட்டைவிட மெல்லிய கூரை

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்துக் கீழ்த்தளத்தில் ஆய்ஸ்டர் பார் என்றொரு உணவகம் உண்டு. அதன் வாசலுக்கு முன்னால் நடைவழிகள் கூடும் ஒரு சதுரம். அங்கே கொஞ்ச நேரம் நின்றால் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். ஒருவர் மூலையில் முகத்தை ஒட்டிவைத்து, சுவரோடு ரகசியம் பேசிக்கொண்டிருப்பார். எதிர்மூலையில், அவருக்கு முதுகைக் காட்டி நிற்கும் இன்னொருவர் அதைக் கேட்டுச் சிரிப்பார். இருவருக்கும் நடுவே பெட்டிகளை உருட்டிக்கொண்டு ஓடும் பயணிகள் காதில் ஒரு சொல்லும் விழாது.

இந்த மாயத்தைச் செய்வது தலைக்கு மேல் இருக்கும் கூரை. தாழ்வாக, வழவழப்பாக வளைந்த அந்தக் கூரை, மூலையில் கிசுகிசுத்த ஒலியைச் சிதறவிடாமல் தன் உடலோடு அணைத்துக்கொள்கிறது. ஒலி வளைவைத் தொட்டபடியே மேலேறி, உச்சியைத் தாண்டி, மறுபக்கம் சறுக்குமரத்தில் இறங்குவதுபோல எதிர்மூலைக்கு வந்து சேர்கிறது. நடுவில் நடப்பவர்களுக்குக் கேட்காததன் காரணமும் அதுதான். பேச்சு அவர்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது.

ஆனால் பெரிய ஆச்சரியம் ஒலியில் இல்லை, கூரையில் இருக்கிறது. அண்ணாந்து பாருங்கள். உத்தரம் இல்லை. கான்கிரீட்டும் இல்லை. மெல்லிய சுட்ட ஓடுகள், மீன்முள் வரிசையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. 1913இல் நிலையம் திறந்த நாளிலிருந்து அந்தக் கூரை நிற்கிறது. 1997இல் உணவகத்தில் தீப்பிடித்தபோது ஓடுகளின் முகம் சேதமானது. கூரை விழவில்லை.

இதைக் கட்டியது ஓர் அப்பாவும் மகனும் நடத்திய குடும்ப நிறுவனம். இருவருக்கும் பெயர் ஒன்றே: ரஃபேல் குவாஸ்தவினோ. 1889 முதல் 1962 வரை இயங்கிய அந்த நிறுவனம் அமெரிக்காவில் சுமார் ஆயிரம் கட்டடங்களில் கூரை போட்டது. தேவாலயம், நூலகம், அருங்காட்சியகம், சுரங்க ரயில் நிலையம், மிருகக்காட்சிசாலையின் யானைக் கொட்டில் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. தினமும் லட்சக்கணக்கானவர்கள் அந்தக் கூரைகளின் கீழ் நடக்கிறார்கள். கட்டியவர் பெயர் மட்டும் பல பத்தாண்டுகள் மறந்துபோயிருந்தது. அந்தப் பெயர் எப்படித் திரும்பி வந்தது என்பது கூரையைப் போலவே சுவையான கதை.

அப்பா 1842இல் ஸ்பெயினின் வலென்சியாவில் பிறந்தவர். பார்சலோனாவில் கட்டடக் கலை பயின்றார். அந்தப் பகுதிக் கொத்தனார்களின் கையில் ஒரு பழைய வித்தை இருந்தது. 14ஆம் நூற்றாண்டிலேயே பதிவான வித்தை. செங்கல்லை நிமிர்த்தி அடுக்காமல், தட்டோட்டைப் படுக்கையாகப் பரப்பி வளைகூரை எழுப்புவது. வீட்டு மாடிப்படிக்கும் சின்னக் கூரைக்கும் பயன்பட்டுவந்த அந்த வித்தையை அவர் நூற்பாலைகளுக்குக் கொண்டுபோனார், பிறகு நாடக அரங்கின் குவிமாடத்துக்குக் கொண்டுபோனார். 1881இல் எட்டு, ஒன்பது வயது மகனை அழைத்துக்கொண்டு நியூயார்க்கில் இறங்கினார். ஆங்கிலம் தெரியாது. ஆனால் அந்தக் கொத்தனார் அறிவு கையில் இருந்தது.

அமெரிக்கா அப்போது நெருப்புக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. 1871இல் சிகாகோ எரிந்து ஒரு லட்சம் பேர் வீடிழந்திருந்தார்கள். மரத் தளம், மரக் கூரை, மரப் படி என்று கட்டப்பட்ட நகரங்களில் ஒரு விளக்கு சாய்ந்தால் ஒரு தெருவே போய்விடும். இரும்பு உத்தரம் போட்டாலும் முழு நிம்மதி கிடையாது. இரும்பு எரியாதுதான், ஆனால் கடுஞ்சூட்டில் துவண்டு வளையும். சூளையில் சுட்டெடுத்த ஓடு அப்படி இல்லை. தன் பிறப்பிலேயே நெருப்பைப் பார்த்துவிட்டு வந்த பொருள் அது. அப்பா 1885இல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். நிறுவனத்துக்கு வைத்த பெயரே ‘குவாஸ்தவினோ தீத்தடுப்புக் கட்டுமான நிறுவனம்’ என்ற பொருளில்தான் இருந்தது.

இந்த வித்தையின் அருமை புரிய, நம் ஊரில் தளம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் சென்டரிங். சவுக்குக் கம்புகளை முட்டுக் கொடுத்து, பலகை விரித்து, அதன்மேல் கம்பி கட்டி, கான்கிரீட் கொட்டுவோம். அது இறுகும்வரை வாரக்கணக்கில் முட்டுகளைப் பிரிக்க முடியாது. வளைவான கூரை என்றால் பாடு இன்னும் அதிகம். முதலில் தச்சர் மரத்தால் ஒரு கூரை செய்யவேண்டும், அதன் மேல் கொத்தனார் கல்லால் ஒரு கூரை செய்யவேண்டும், பிறகு மரக் கூரையைப் பிரித்தெறியவேண்டும். நம் பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸுக்குச் சென்டரிங் தேவைப்படவில்லை. ஆனால் அதைத் தாங்க வரிசையாகத் தேக்குச் சட்டங்கள் வேண்டும். குவாஸ்தவினோ கூரைக்கு முட்டும் இல்லை, சட்டமும் இல்லை. அந்தரத்திலேயே எழும்புகிறது.

எப்படி? ஓர் ஓட்டைக் கையில் எடுத்துப் பார்ப்போம். ஓர் அடி நீளம், அரை அடி அகலம், கனம் ஒரே ஓர் அங்குலம். ஏறத்தாழ இரண்டு கிலோ எடை. கொத்தனார் அதன் இரண்டு விளிம்புகளில் மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சாந்தைத் தடவுகிறார். எலும்பு முறிந்தால் போடும் மாவுக்கட்டின் அதே மாவு. ஒரு விளிம்பை ஏற்கெனவே முடிந்த வரிசையிலும், இன்னொரு விளிம்பைப் பக்கத்து ஓட்டிலும் அழுத்தி, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு தட்டுகிறார். சில நொடிகள் பிடித்துக்கொள்கிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். ஓடு அந்தரத்தில் நிற்கிறது. அடுத்த ஓட்டுக்குக் கை போகிறது.

சிமென்ட் சாந்து இறுக மணிக்கணக்காகும். அதுவரை ஓட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க யாராலும் முடியாது. பிளாஸ்டர் கண்ணெதிரே இறுகுவதால்தான் இந்த வேலை நடக்கிறது. ஆனால் பிளாஸ்டருக்கு ஒரு குறை உண்டு, ஈரம் பட்டால் இளகும். அதனால் முதல் அடுக்கு முடிந்ததும் அதையே சென்டரிங் பலகையாக வைத்து, மேலே சிமென்ட் சாந்தில் இரண்டாம் அடுக்கு பரப்புவார்கள். அதன்மேல் மூன்றாவது. சென்டரிங்கே கூரையின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. பிரிக்க எதுவும் மிச்சமில்லை.

அடுக்குகளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கீழ் அடுக்கின் இணைப்புக்கு நேர்மேலே மேல் அடுக்கின் இணைப்பு வரவே வராது. ஓடுகளின் திசையும் அடுக்குக்கு அடுக்கு மாறும். பிளைவுட் பலகையின் ரகசியமும் இதுதான். மெல்லிய மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஒட்டினால், தனித்தனியாக எளிதில் பிளக்கும் தாள்கள் சேர்ந்து பிளக்கவே முடியாத பலகை ஆகின்றன. ஓரடுக்கு ஓட்டில் விரிசல் கிளம்பினால் அடுத்த அடுக்கின் முழு ஓடு அதை வழிமறிக்கிறது.

சரி, இவ்வளவு மெல்லிய கூரை ஏன் விழவில்லை? பதில் சாந்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. வாசலில் மாவிலைத் தோரணம் கட்டும்போது கவனித்திருப்பீர்கள். கயிற்றை இரண்டு ஆணிகளில் மாட்டிவிட்டால், அது தானாகவே ஓர் அழகான வளைவில் தொங்கும். அந்த வளைவில் கயிற்றின் ஒவ்வொரு புள்ளியிலும் இழுவிசை மட்டுமே இருக்கிறது. அதே வளைவைத் தலைகீழாகக் கவிழ்த்தால், ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் மட்டுமே இருக்கும். ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675இல் இந்த உண்மையை எழுத்துக்களைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராக வெளியிட்டார். சுட்ட மண்ணுக்கு இழுவை ஆகாது, இழுத்தால் உடைந்துவிடும். அழுத்தம் என்றால் அசையாமல் தாங்கும். கவிழ்த்த தோரணத்தின் வடிவத்தில் ஓட்டை அடுக்கினால், அதற்குப் பிடித்த வேலையை மட்டுமே அதனிடம் வாங்குகிறோம்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி. குவிமாடம் தன் எடையால் அடிப்பக்கம் வெளியே விரியப் பார்க்கும். மாட்டுவண்டிச் சக்கரத்தின் மரத்துண்டுகளைச் சுற்றி இரும்புப் பட்டை இறுக்குவதுபோல, இங்கும் அடிவட்டத்தில் ஓடுகளுக்கிடையே இரும்புக் கம்பி பதித்தார்கள். அழுத்தத்தை ஓடு பார்த்துக்கொள்ளும், இழுவையை இரும்பு பார்த்துக்கொள்ளும்.

அப்பா 1908இல் இறந்தார். வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் அவர் பங்கேற்று எழுப்பிய புனித லாரன்ஸ் தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். 82 அடி நீளமும் 58 அடி அகலமும் கொண்ட நீள்வட்டக் குவிமாடம், நடுவில் ஒரு தூணும் இல்லாமல் அங்கே நிற்கிறது. பக்கத்து ஊரான பிளாக் மவுன்டனில் அவர் வாழ்ந்த பண்ணை இருந்தது. ஓடு சுட்ட சூளையின் மிச்சமும் புகைபோக்கியும் இன்றும் அந்த மலைச்சரிவில் இருக்கின்றன. பொறுப்பு மகன் தோளுக்கு வந்தது. பதினைந்து வயதிலிருந்தே அப்பாவிடம் வேலை பழகியவர் அவர். கட்டுமானச் சாரமே அவருக்குக் கல்லூரி.

அடுத்த ஆண்டே மகனுக்குப் பெரிய சோதனை வந்தது. நியூயார்க்கின் புனித ஜான் தேவாலயத்தில், நடுமண்டபத்தைத் தற்காலிகமாக மூட ஒரு கூரை வேண்டியிருந்தது. அகலம் 100 அடிக்கும் மேல். உச்சி, தரையிலிருந்து 160 அடிக்கும் மேல். கிட்டத்தட்ட பதினைந்து மாடி உயரம். அங்கே சாரம் கட்டவே பெருஞ்செலவு ஆகும். மகன் சாரம் கட்டவில்லை. கொத்தனார்கள் சுற்றுவட்டத்திலிருந்து தொடங்கி வட்டம் வட்டமாக உள்நோக்கி ஓடு பதித்தார்கள். முந்தின நாள் பதித்த ஓட்டின் மேலேயே ஏறி நின்று, அன்றைய ஓட்டைப் பதித்தார்கள். காலுக்குக் கீழே நேற்றைய வேலை, அதற்குக் கீழே வெறும் வெளி. வளைவு பிசகாமல் இருக்கக் கம்பியால் தூரம் அளந்துகொண்டே போனார்கள். 1909இல் பதினைந்தே வாரங்களில் குவிமாடம் மூடியது. தற்காலிகமாகப் போட்ட அந்தக் கூரை ஒரு நூற்றாண்டைத் தாண்டி இன்னும் நிற்கிறது.

அதன் கனத்தைக் கேளுங்கள். உச்சியில் நான்கே அங்குலம். 100 அடி என்றால் 1,200 அங்குலம். ஆக அகலத்தில் முந்நூறில் ஒரு பங்குதான் கனம். ஒரு கோழிமுட்டையின் அகலம் சுமார் நாலரை சென்டிமீட்டர், ஓட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அது நூற்று முப்பதில் ஒரு பங்கு. அளவுக்கு அளவு பார்த்தால், இந்தத் தேவாலயக் கூரை முட்டை ஓட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் மெல்லியது!

மகன் அப்பாவின் வித்தையோடு நிற்கவில்லை. வழவழப்பான ஓடு ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும். ரயில் நிலையத்தில் அது வேடிக்கை, தேவாலயத்தில் தொல்லை. பாதிரியார் சொன்ன முதல் சொல் கூரையில் பட்டுச் சுழன்று அடங்குவதற்குள் நாலாவது சொல் கிளம்பியிருக்கும். இரண்டும் கலந்து ஒன்றும் புரியாது. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர், ஒலி நின்ற பிறகும் அறையில் அது சுழன்றுகொண்டிருப்பது. ஹார்வர்டு இயற்பியலாளர் வாலஸ் சேபைனோடு மகன் கைகோத்தார். களிமண்ணில் தாவர மக்கைக் கலந்து சுட்டார்கள். சூளையில் மக்கு எரிந்து, அது இருந்த இடமெல்லாம் துளையானது. ஆப்பத்தின் நடுவே நிறைந்திருக்கும் நுண்துளைகளைப் போல. அந்தத் துளைகளில் நுழைந்த ஒலி அங்கேயே தேய்ந்து அடங்கியது. இந்த ஓட்டுக்கு 1914இல் காப்புரிமை கிடைத்தது. சில ஆண்டுகளில், எரிமலைக் கல்லான நுரைக்கல்லின் குருணையைச் சிமென்டில் சேர்த்துச் சூளையே இல்லாமல் செய்த அகூஸ்டோலித் என்ற ஓடும் வந்தது. ஒரே குடும்பம் ஒலியைக் கடத்தும் கூரையும் செய்தது, ஒலியை விழுங்கும் கூரையும் செய்தது.

1916இல் நியூயார்க் துறைமுகத்தில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று நாசவேலையில் வெடித்தது. அந்த அதிர்ச்சியில் பக்கத்து எல்லிஸ் தீவில் புலம்பெயர்ந்தோர் பதிவு மண்டபத்தின் கூரை சிதைந்தது. கப்பலில் வந்திறங்கி, மூட்டை முடிச்சோடு பெயர் பதிய ஆயிரக்கணக்கானோர் காத்திருந்த மண்டபம் அது. 1918இல் அதற்குப் புதுக்கூரை போட்டது குவாஸ்தவினோ நிறுவனம். அந்தத் தீவின் நிலையம் 1892இல் திறப்பதற்கு முன்பே, மொழி தெரியாமல் வந்திறங்கிய ஓர் ஆளின் மகன், தனக்குப் பின் வந்தவர்களின் தலைக்கு மேல் கூரை போட்டார். 1980களில் அந்த மண்டபத்தைப் புதுப்பித்தபோது கூரையில் இருந்த 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓடுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். மாற்ற வேண்டியிருந்தவை 17.

இத்தனை செய்தவர்கள் ஏன் மறந்துபோனார்கள்? கட்டடத்தில் பெயர் வாங்குவது கட்டடக் கலைஞர். அவர் வரைபடத்தில் கூரைப் பகுதியை வெறுமையாக விட்டு, அங்கே குவாஸ்தவினோ பெயரை மட்டும் குறித்துவிடுவார். மீதியை இந்தக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். கணக்கும் வடிவமும் ஓடும் ஆளும் இவர்களுடையவை, கல்வெட்டு மட்டும் இன்னொருவருடையது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் கைவேலைக் கூலி உயர்ந்தது, கான்கிரீட் மலிந்தது. மகன் 1950இல் இறந்தார். 1962இல் நிறுவனம் கதவை மூடியது. ஓடு பதிக்கும் கைகளும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

கதை அங்கே முடிந்திருக்கும். முடியாமல் காத்தவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றாசிரியர் ஜார்ஜ் காலின்ஸ். பார்சலோனாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அன்டோனி கவுதியை ஆராய்ந்தவர் என்பதால், தட்டோட்டுக் கூரையின் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது. மூடிய நிறுவனத்தின் வரைபடங்களையும் கடிதங்களையும் கோப்புகளையும் அவர் மீட்டு, தம் பல்கலைக்கழகத்தின் ஏவரி நூலகத்தில் சேர்த்தார். நிறுவனம் மூடிய மறு ஆண்டே, நியூயார்க் நகரின் பிரம்மாண்டமான பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். கிராண்ட் சென்ட்ரலுக்கும் ஆபத்து நெருங்கியது. அதன் தலைமேல் ஒரு வானளாவியை நட்டுவைக்கத் திட்டம் தயாரானது. முனிசிபல் ஆர்ட் சொசைட்டி என்ற நகர அமைப்பு மக்களைத் திரட்டிப் போராடியது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நகரின் பழங்கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நாம் தொடக்கத்தில் கேட்ட அந்தக் கிசுகிசுப்பு அப்படித்தான் பிழைத்தது.

காலின்ஸ் மீட்ட காகிதங்கள் ஏன் அவ்வளவு முக்கியம்? இரண்டு அங்குலம், நான்கு அங்குலக் கனமுள்ள கூரையைப் பார்க்கும் இன்றைய பொறியாளருக்கு முதலில் தோன்றுவது பயம். உத்தரம் கொடுத்து நிரந்தரமாகத் தாங்கிவிடலாம், அல்லது இடித்துவிடலாம் என்றுதான் மனம் போகும். உள்ளே எத்தனை அடுக்கு, கம்பி எங்கே, விளிம்பு எதில் சாய்ந்திருக்கிறது என்று வரைபடம் சொன்னால், பயம் கணக்காக மாறுகிறது. கணக்குச் சரியாக இருந்தால் கூரை பிழைக்கிறது. அதனால்தான் ஒரு குடும்பத் தொழிலின் பழைய கோப்பைப் பத்திரப்படுத்துவது, ஒரு விதத்தில் முட்டுக் கொடுப்பது போன்றது.

இன்று பல அமெரிக்க நகரங்களில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களுக்கு இந்தக் கூரைகளைத் தேடுவது ஓர் இன்பமான வேட்டை. ஒற்றர் வேலைக்கு மூன்று அடையாளம் போதும்: மீன்முள் வரிசை, ஓடுகளுக்கு இடையே பட்டையாகத் தெரியும் சாந்துக்கோடு, உத்தரமே இல்லாத வளைவு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் (எம்ஐடி) சேர்ந்த ஜான் ஒக்சன்டார்ஃப் 2010இல் இக்குடும்பத்தைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பாஸ்டன் பொது நூலகத்தில் ஓடு அடுக்கும் விதவிதமான கோலங்களை வரிசையாகப் பார்க்கலாம். 1904இல் திறந்து, வளைந்த நடைமேடை நீள ரயில்களுக்கு ஒத்துவராததால் 1945இல் மூடிய நியூயார்க் சிட்டி ஹால் சுரங்க நிலையத்துக்கு, போக்குவரத்து அருங்காட்சியகம் தன் உறுப்பினர்களைக் கூட்டிப்போகிறது. பச்சையும் வெள்ளையுமாய் வளைந்து ஓடும் அந்தக் கூரையைப் பார்ப்பதற்காகவே மக்கள் இடம் பிடிக்கிறார்கள்.

வித்தையும் திரும்ப உயிர்பெற்றிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் மபுங்குப்வே தேசியப் பூங்காவில் ஒரு வரலாற்று விளக்க மையம் கட்ட, ஒக்சன்டார்ஃபும் அவரோடு பணியாற்றிய மைக்கேல் ரமேஜும் இந்த முறையைத் தேர்ந்தார்கள். வேலை இல்லாத உள்ளூர் மக்களுக்குக் கற்றுக்கொடுத்து, அந்த இடத்து மண்ணையே கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்தி ஓடாக்கினார்கள். சூளை இல்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தளமும் இல்லை. கட்டியது கட்டடக் கலைஞர் பீட்டர் ரிச்சின் வடிவத்தில். 2009இல் உலகின் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. சொந்த மண்ணின் பழைய அரசு ஒன்றின் வரலாற்றைச் சொல்லும் கூரையை, அந்த மண்ணையே ஓடாக்கி, அந்த ஊர்க்காரர்கள் போட்டார்கள். விளிம்பில் சாந்தைத் தடவி, வரிசையில் அழுத்தி, சில நொடி பிடித்துக்கொண்டு, கையை எடுத்தார்கள். ஓடு நின்றது.